தோண்டுகிறவர் கையில் அளவுகோல்

நெய்வேலி நிலத்தடி நீரைக் கண்காணிப்பது யார்? வைகைக் கரைக்காரர்களும் கேட்க வேண்டிய கேள்வி

நெய்வேலியில் பழுப்பு நிலக்கரிக்கு மேலே மண், கீழே தண்ணீர். மேலே இருக்கும் மண்ணைச் சக்கர வாளி இயந்திரங்கள் அள்ளிக் கொட்டிவிடும். கீழே இருக்கும் தண்ணீர்தான் எப்போதும் தலைவலி. கடலூர் மணற்கல் என்று புவியியலாளர்கள் பெயர் வைத்திருக்கும் படிவத்துக்குள் அது அழுத்தத்தோடு அடைபட்டுக் கிடக்கிறது. ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 6 முதல் 8 கிலோ வரை மேல்நோக்கித் தள்ளும் அழுத்தம் அது. மேல்மண்ணின் பாரம் போய்விட்டால் நிலக்கரிப் படுகையைப் பிளந்துகொண்டு மேலே வந்து சுரங்கத்தையே மூழ்கடித்துவிடும். 1930களில் ஜம்புலிங்க முதலியாரின் நிலத்தில் ஆழக்கிணறு தோண்டியபோது நீரோடு கரிய துகளும் பொங்கி வந்ததில்தான் நெய்வேலியின் கதையே தொடங்குகிறது. 1956இல் சுரங்க நிறுவனம் உருவாகி, 1957 மே 20 அன்று நேரு தொடங்கிவைத்த சுரங்கத்தில் நிலக்கரி கண்ணில் பட 1961 ஆகிவிட்டது. முதலில் தண்ணீரின் அழுத்தத்தை இறக்க வேண்டியிருந்தது. அன்று ஓடத் தொடங்கிய பம்புகள் இன்றுவரை இரவு பகலாக ஓடிக்கொண்டிருக்கின்றன. சில நாள் நிறுத்தினாலும் சுரங்கத்துக்கு ஆபத்து.

ஆகவே நெய்வேலியின் நிலத்தடி நீர்மட்டம் தமிழ்நாட்டில் மிக உன்னிப்பாகக் கவனிக்கப்படும் நீர்மட்டங்களில் ஒன்று என்று சொன்னால் தவறில்லை. எந்தக் குழாயில் எவ்வளவு இறைக்கிறது, அழுத்தம் எந்தப் பக்கம் ஏறுகிறது, எங்கே புதிய கிணறு போட வேண்டும் என்பதையெல்லாம் அறிந்த பொறியாளர்கள் அங்கே மூன்று தலைமுறையாக இருக்கிறார்கள். ஹைதராபாதின் தேசிய புவி இயற்பியல் ஆய்வு நிறுவன விஞ்ஞானிகள் தென்னிந்தியாவின் ஆழ்நீரில் உள்ள ஐசோடோப்புகளை வைத்து 30,000 ஆண்டுப் பருவநிலை வரலாற்றை வாசித்தபோது, நெய்வேலிப் படுகையின் நீரும் அவர்களுக்குச் சான்றாக இருந்தது. அறிவுக்கோ கருவிக்கோ அங்கே பஞ்சம் இல்லை. அப்படியானால் சுற்றியுள்ள ஊர்களின் கிணற்று நீர் குடிக்கத் தகுந்ததா என்ற எளிய கேள்விக்கு விடை தேட ஒரு தன்னார்வ அமைப்பும், பிறகு ஒரு தீர்ப்பாயமும் ஏன் வர வேண்டியிருந்தது? சுரங்கத்துக்கு எது ஆபத்தோ அதைச் சுரங்கம் நன்றாகவே அளக்கிறது. நீர்மட்டம் ஏறினால் உற்பத்தி நிற்கும். நீரில் பாதரசம் ஏறினால் உற்பத்தி நிற்காது. ஊருக்கு எது ஆபத்தோ அதை அளக்க வேறு ஆள் வேண்டும். இக்கட்டுரையின் வாதம் இவ்வளவுதான். கெட்ட எண்ணம் கொண்ட அதிகாரி ஒருவரையும் இதற்குக் கற்பனை செய்துகொள்ள வேண்டியதில்லை. நல்லவர்கள் நிறைந்த நிறுவனத்திலும் கவனம் போகும் திசை இதுவாகத்தான் இருக்கும்.

தண்ணீர் எப்படிக் கெடுகிறது

நிலக்கரிச் சுரங்கம் நிலத்தடி நீரைக் கெடுக்கும் வழிகள் பல. முதலாவது, காற்று படாமல் கிடந்ததைக் காற்றுக்குக் கொண்டுவருவது. இரும்பும் கந்தகமும் சேர்ந்த பைரைட் என்ற கனிமம் பழுப்பு நிலக்கரியோடும் அதை மூடியிருக்கும் மண்ணோடும் கலந்து கிடப்பது வழக்கம். ஆழத்தில், நீருக்கடியில் இருக்கும்வரை அதனால் தொல்லை இல்லை. தோண்டி மேட்டில் கொட்டியதும் மழையும் காற்றும் சேர்ந்து அதைக் கந்தக அமிலமாகவும் கரையும் இரும்பாகவும் மாற்றுகின்றன. அமிலம் மண்ணில் இறங்கும் வழியில் மற்ற உலோகங்களையும் கரைத்து இழுத்துக்கொண்டு போகிறது. இரண்டாவது, எரித்த பின் மிஞ்சும் சாம்பல். நெய்வேலி நிலக்கரியில் சாம்பல் குறைவு என்பது உண்மை. 30, 40 விழுக்காடு சாம்பல் கொண்ட வடநாட்டு நிலக்கரியோடு அதை ஒப்பிடக் கூடாது. ஆனாலும் அறுபது ஆண்டாக எரித்ததன் சாம்பல் எங்கோ போய்ச் சேர்ந்துதானே இருக்க வேண்டும்? அதிலிருந்து போரானும் சல்பேட்டும் முதலில் கசியும், ஆர்செனிக் போன்றவை பின்னால் வரும். மூன்றாவது, புகைபோக்கி. நிலக்கரியில் நுண்ணளவில் இருக்கும் பாதரசம் எரியும்போது ஆவியாகி வெளியேறி, சுற்றுவட்டாரத்து மண்ணிலும் ஏரியிலும் படிகிறது. ஏரியின் அடிச்சேற்றில் நுண்ணுயிர்கள் அதை மெத்தில் பாதரசமாக மாற்றிவிட்டால் மீன் வழியாக மனிதர் உடலுக்குள் போகும். மினமாட்டா என்ற ஜப்பானிய ஊரின் பெயரில் 2013இல் உருவான பன்னாட்டு உடன்படிக்கை இதற்காகத்தான். இந்தியா 2018இல் அதை ஏற்றுக்கொண்டது.

இவை மூன்றும் நிலத்தடி நீரின் ஒரே அடுக்கில் நடப்பவை அல்ல என்பதைச் சேர்த்துச் சொல்லியாக வேண்டும். நெய்வேலியில் நிலக்கரிக்கு மேலே ஆழமற்ற அடுக்கு ஒன்று, கீழே அழுத்தத்தோடு அடைபட்ட அடுக்குகள் என்று நீர் தட்டுத் தட்டாக நிற்கிறது. சாம்பலும் மண்மேடும் கெடுப்பது முதலில் மேலடுக்கை; பம்புகள் உறிஞ்சுவது கீழடுக்கை. ஊர்ப் பெரியவர் வீட்டுப் பழைய கிணறும், பஞ்சாயத்தின் அடிபம்பும், மேல்நிலைத் தொட்டிக்கு நீரேற்றும் ஆழ்துளைக் கிணறும் ஒரே தெருவில் இருந்தாலும் மூன்று வெவ்வேறு நீரைத் தரலாம். போர் போடும்போது துளையிட்ட குழாயை இரண்டு அடுக்குக்கும் பொதுவாக இறக்கிவிட்டால், மேலே உள்ள கெட்ட நீர் கீழே இறங்க நாமே வழி போட்டுக் கொடுத்தவர்கள் ஆகிவிடுவோம். ஆழம் எவ்வளவு, எந்த அடுக்கு என்று சொல்லாத நீர்ச் சோதனை முடிவு எதற்கும் உதவாது. சோதனை அறிக்கைகளின் இணைப்பில் வரும் அட்டவணைகளில் கிணற்றின் ஆழத்துக்கு என்று ஒரு பத்தி இருக்கிறதா என்பதைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

2023 ஆகஸ்டில் பூவுலகின் நண்பர்கள் அமைப்பும் மந்தன் அத்யயன் கேந்திரா அமைப்பும் சேர்ந்து நெய்வேலி, பரங்கிப்பேட்டைப் பகுதிகளில் செய்த ஆய்வை வெளியிட்டன. மாதிரி எடுத்த 17 இடங்களில் 15 இடங்கள் கடுமையாக மாசுபட்டிருப்பதாக அது சொன்னது. வடக்கு வெள்ளூரில் எடுத்த நீரில் பாதரசம் அனுமதித்த அளவைப்போல் 250 மடங்கு என்றது. செய்தியைப் பார்த்து தேசிய பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு தானாகவே வழக்காக எடுத்துக்கொண்டது. பின்னர் தமிழ்நாடு மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் தீர்ப்பாயத்தில் தாக்கல் செய்த அறிக்கையிலும், மேற்பரப்பு நீர், நிலத்தடி நீர் இரண்டிலும் பல இடங்களில் பாதரசம் வரம்பைத் தாண்டியிருப்பது பதிவாகியது. இந்தியத் தர நிர்ணய அமைப்பின் ஐ.எஸ். 10500 விதிப்படி குடிநீரில் பாதரசம் லிட்டருக்கு 0.001 மில்லிகிராம் வரைதான் இருக்கலாம். 250 மடங்கு என்றால் கால் மில்லிகிராம். ஒரே முறை எடுத்த மாதிரியில் இவ்வளவு பெரிய எண் வந்தால் அதை முழக்கமாக்கிக் கொடி பிடிப்பதைவிட, அதே இடத்தில் மறுநாளே நான்கு மாதிரி எடுத்துப் பார்ப்பதுதான் அறிவியல். 17 இடங்களை வைத்து ஒரு வட்டாரத்தின் நீரையே தீர்ப்பிடவும் முடியாது. தன்னார்வ அமைப்பின் சோதனைக்கு எதிராகச் சொல்லப்படும் இந்த இரண்டு குறையும் நியாயமானவைதான். ஆனால் இக்குறைகளைச் சொல்லும் எவரும் அடுத்த கேள்விக்குப் பதில் வைத்திருக்க வேண்டும். ஆறு தசாப்தங்களாகச் சுரங்கம் நடக்கும் இடத்தில், பொதுமக்கள் எடுத்துப் பார்க்கக் கூடிய நீண்ட கால நீர்த்தரப் பதிவு ஒன்று இருந்திருந்தால், 17 மாதிரிக்காக இவ்வளவு பெரிய விவாதம் ஏன்? பழைய வரைபடத்தைப் பக்கத்தில் வைத்து, இது உண்மை அல்லது பிழை என்று ஒரே நாளில் முடித்திருக்கலாமே.

மாதிரி எடுப்பதில் உள்ள சூட்சுமம்

தண்ணீர்ச் சோதனை என்றதும் ஆய்வகத்தையும் வெள்ளைக் கோட்டையும்தான் நினைக்கிறோம். தவறு பெரும்பாலும் அதற்கு முன்பே நடந்து முடிந்துவிடுகிறது. குழாய்க்குள் நாள்கணக்கில் தேங்கிய நீரை மொண்டு அனுப்பினால் அது இரும்புக் குழாயின் கதையைச் சொல்லும், நிலத்தின் கதையைச் சொல்லாது. குழாயில் நிற்கும் நீரைப்போல் மூன்று மடங்காவது இறைத்துக் கொட்டி, டி.டி.எஸ். எனப்படும் கரைந்த திடப்பொருள் அளவும் அமில காரத் தன்மையும் நிலைப்பட்ட பிறகே பாட்டில் பிடிக்க வேண்டும். உலோகம் பார்ப்பதென்றால் பிடித்த இடத்திலேயே நைட்ரிக் அமிலம் சேர்க்க வேண்டும். இல்லாவிட்டால் உலோகம் பாட்டிலின் சுவரில் ஒட்டிக்கொள்ளும், ஆய்வகம் ‘இல்லை’ என்று எழுதிவிடும். பாதரசத்துக்குச் சாதாரண பிளாஸ்டிக் பாட்டில் ஆகாது, 28 நாளுக்குள் சோதித்தும் முடிக்க வேண்டும். மழை முடிந்த கையோடு எடுத்த மாதிரியில் மாசு நீர்த்துப்போய்த் தெரியும். சித்திரைக் கோடையில் எடுத்தால் செறிந்து தெரியும். ஆகவே, பொய்யே சொல்லாமல் நல்ல முடிவு வாங்க விரும்புகிறவருக்கு நாள், இடம், ஆழம், பாட்டில் என நான்கு கதவுகள் திறந்திருக்கின்றன. எந்தக் கிணற்றில், எந்த நாளில் எடுப்பது என்று முடிவு செய்யும் அதிகாரம் யாரிடம் இருக்கிறதோ, பாதி முடிவு அவரிடம்தான் இருக்கிறது.

எதை அளப்பது என்பதும் அதே அளவுக்கு முக்கியம். பாதரசமும் ஆர்செனிக்கும் நாளிதழ்த் தலைப்புக்கு ஏற்றவை. ஆனால் அவை மண்ணில் ஒட்டி ஒட்டி மெல்ல வருபவை. சல்பேட் அப்படி இல்லை. எதிலும் ஒட்டாமல் நீரோடு நீராக வந்துவிடும். சாம்பலிலிருந்து வரும் போரானும் ஏறக்குறைய அப்படித்தான். ஒரு கிணற்றில் சல்பேட் ஆண்டுக்கு ஆண்டு ஏறுகிறது என்றால், உலோகம் பின்னால் வந்துகொண்டிருக்கக்கூடும் என்று பல ஆண்டு முன்பே எச்சரிக்கை கிடைத்துவிடும். சல்பேட் சோதனைக்குப் பெரிய கருவி தேவையில்லை, சாதாரண ஆய்வகம் போதும். ஜல் ஜீவன் திட்டத்தில் ஊருக்கு ஐந்து பெண்களுக்குக் களச் சோதனைப் பெட்டி கொடுத்துப் பயிற்சியும் தருகிறார்கள், நல்ல ஏற்பாடு. அந்தப் பெட்டி பாதரசம் காட்டாது என்பதைச் சொல்லி ஏளனம் செய்பவர்கள் உண்டு. காட்டாதுதான். ஆனால் மாதம் ஒருமுறை ஒரே கிணற்றில் ஒரே முறையில் எடுத்து நோட்டில் எழுதிவைத்த டி.டி.எஸ்., அமில காரத் தன்மை, இரும்பு அளவுகள் ஐந்தாண்டு சேர்ந்தால், ஆண்டுக்கு ஒருமுறை விலையுயர்ந்த கருவியில் ஓடும் சோதனை தராத ஒன்றைத் தரும். அது போக்கு. பெரிய கருவியை எந்தக் கிணற்றின்மேல் திருப்ப வேண்டும் என்று அது சொல்லிவிடும்.

இனி சட்டம் என்ன சொல்கிறது என்று பார்க்கலாம். 2006ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையின் கீழ் நிலக்கரிச் சுரங்கங்களுக்குத் தரப்படும் அனுமதிகளில் வழக்கமாக ஒரு நிபந்தனை இருக்கும். சுற்றுவட்டாரக் கிணறுகளிலும் புதிதாக அமைக்கும் கண்காணிப்புக் கிணறுகளிலும் நீர்மட்டத்தையும் தரத்தையும் ஆண்டுக்கு நான்கு முறை அளந்து, சுற்றுச்சூழல் அமைச்சகத்துக்கும் மத்திய நிலத்தடி நீர் வாரியத்துக்கும் அனுப்ப வேண்டும். ஆறு மாதத்துக்கு ஒருமுறை, ஜூன் 1, டிசம்பர் 1 தேதிகளில் நிபந்தனை நிறைவேற்ற அறிக்கை தர வேண்டும். காகிதத்தில் குறையே இல்லை. அளக்க வேண்டியவர் யார் என்று பார்த்தால், சுரங்கம் நடத்துபவர். சுரங்கம் வருவதற்கு முன் நீர் எப்படி இருந்தது என்ற அடிப்படைப் பதிவையும் அவர் பணம் கொடுத்து அமர்த்தும் ஆலோசனை நிறுவனமே எடுக்கிறது. அதற்கு ஒரே ஒரு பருவத்தின், அதாவது மழையில்லாத மூன்று மாதத்தின் தரவே போதும் என்று ஏற்கிறார்கள். ஐம்பது ஆண்டு நடக்கப்போகும் சுரங்கத்துக்கு மூன்று மாத ஆதாரம்! வைகைக் கரைச் சோழவந்தானின் கடைத்தெருவில் மளிகைக் கடை வைத்திருப்பவர் தன் தராசுக்குத் தானே முத்திரை குத்திக்கொள்ள முடியாது. எடையளவுத் துறை ஆய்வாளர் வந்து பார்த்துத்தான் குத்த வேண்டும். கால் கிலோ துவரம்பருப்பில் கைவைக்கக் கூடாது என்பதற்கு இருக்கும் இந்தக் கட்டுப்பாடு ஒரு தாலுகாவின் தண்ணீருக்கு இல்லை. மாநில அளவிலோ நிலை இன்னும் மோசம். 2003இல் தமிழ்நாடு நிலத்தடி நீர் (மேம்பாடு, மேலாண்மை) சட்டம் என்று ஒன்றை இயற்றினோம். முழுவீச்சில் நடைமுறைக்கு வராமலேயே 2013இல் அதை ரத்தும் செய்துவிட்டோம்.

வேறு வழி இருந்திருக்கிறதா என்றால், நெய்வேலி தொடங்கிய அதே காலத்தில் ஜெர்மனியில் இருந்தது. ரைன் நதிக்கு மேற்கே, கொலோன் நகரத்தை ஒட்டிய பழுப்பு நிலக்கரிப் பகுதியிலும் இதே பிரச்சினைதான்: சுரங்கத்துக்காக நூற்றுக்கணக்கான மீட்டர் ஆழத்துக்கு நிலத்தடி நீரை இறக்க வேண்டும், சுற்றுவட்டாரக் கிணறுகள் வற்றும். நேரு நெய்வேலியில் தொடங்கிவைத்த மறு ஆண்டு, 1958இல், அங்கே எர்ஃப்ட் ஆற்றின் பெயரில் ஒரு நீர்ச் சங்கத்தைத் தனிச் சட்டம் போட்டு அமைத்தார்கள். அதில் சுரங்க நிறுவனமும் உறுப்பினர். நகராட்சிகளும், குடிநீர் வழங்கும் அமைப்புகளும் உறுப்பினர்கள். நிலத்தடி நீர்மட்டத்தையும் தரத்தையும் அளந்து பதிவு செய்வது சங்கத்தின் வேலை. ஜெர்மானியர்கள் நம்மைவிட நல்லவர்கள் என்று சொல்ல இதை எடுத்துக்காட்டவில்லை; அந்தச் சுரங்கங்களும் ஊர்களை விழுங்கியவைதான், அதற்காக அங்கே இன்றுவரை போராட்டம் நடந்திருக்கிறது. ஆனால் நீர் எப்படி இருக்கிறது என்ற கேள்வியில் சண்டை போடுகிற இரு தரப்பும் ஒரே புத்தகத்தைத் திறந்து பார்க்க முடிகிறது. ஒரே கனிமம், ஒரே சிக்கல், ஓராண்டு இடைவெளி. அவர்கள் தண்ணீருக்குத் தனியே ஓர் ஆளை வைத்தார்கள். நாம் அந்த வேலையையும் தோண்டுகிறவரிடமே கொடுத்தோம்.

அளப்பவர் யார் என்பது தீராவிட்டால் என்ன நடக்கும் என்பதற்கு யாழ்ப்பாணத்துச் சுன்னாகம் உதாரணம். அங்கே நிலக்கரி இல்லை. அனல்மின் நிலையத்தின் கழிவெண்ணெய் சுற்றுவட்டாரத்துச் சுண்ணாம்புப் பாறை நீரில் கலந்து, வீட்டுக் கிணறுகளில் எண்ணெய் தெரிந்தது. ஒரு அரசு அமைப்பின் சோதனை மாசு உண்டு என்றது. மாகாண சபை அமைத்த நிபுணர் குழு வேறு மாதிரிச் சொன்னது. எதை நம்புவது என்று தெரியாமல் மக்கள் பவுசர் லாரியில் வந்த தண்ணீருக்கு வரிசையில் நின்றார்கள். வழக்கு கொழும்பு உச்ச நீதிமன்றம் வரை போய், 2019 ஏப்ரலில் மின் நிறுவனம் 2 கோடி இலங்கை ரூபாய் இழப்பீடு தர வேண்டும் என்ற தீர்ப்போடு முடிந்தது. யாழ்ப்பாணத்தில் கிணற்றை விட்டால் வேறு நீர் இல்லை. இரு தரப்பும் நம்பும் ஓர் அளவீடு முதல் நாளே இருந்திருந்தால் வழக்கில் கழிந்த ஆண்டுகள் வீணாகியிருக்காது.

மறுப்புகள்

இந்த வாதத்துக்கு வரக்கூடிய மறுப்புகளில் வலுவானது, மாசு இயற்கையாகவே உண்டு என்பது. தமிழ்நாட்டு நிலத்தடி நீரில் பல இடங்களில் ஃபுளோரைடு உண்டு, இரும்பு உண்டு, உவர்ப்பு உண்டு. எல்லாவற்றையும் சுரங்கத்தின் தலையில் கட்டலாமா? கட்டக் கூடாது. அதற்காகத்தான் கண்காணிப்பு. நீர் எந்தத் திசையிலிருந்து எந்தத் திசைக்கு நகர்கிறது என்பது தெரிந்தால், சுரங்கத்துக்கு மேல்கைப் பக்கம் சில கிணறு, கீழ்கைப் பக்கம் சில கிணறு என்று வைத்து ஒப்பிட முடியும். இரண்டிலும் ஒரே அளவு என்றால் இயற்கை. கீழ்கையில் மட்டும் ஏறினால் காரணம் நடுவில் இருக்கிறது. தோண்டுவதற்கு முந்தைய பதிவு இருந்தால் இன்னும் எளிது. அந்தப் பதிவு இல்லாமல் போனதன் பலன் சந்தேகத்தின் பலனாகச் சுரங்கத்துக்கே போகிறது. பதிவு இல்லாதது யாருக்கு லாபமோ அவரிடமே பதிவேட்டை ஒப்படைப்பது விவேகமில்லை.

அடுத்தது செலவு. கணக்குப் போட்டே பார்த்துவிடலாம். 40 கிணறு, ஆண்டுக்கு 4 முறை, மொத்தம் 160 மாதிரி. எல்லா உலோகமும் சேர்த்து ஒரு மாதிரிக்குப் பத்தாயிரம் ரூபாய் என்று தாராளமாக வைத்தாலும் ஆண்டுக்கு 16 லட்சம். புதிய நெய்வேலி அனல்மின் நிலையத்தின் திறன் 1000 மெகாவாட். முழுத் திறனில் ஓடினால் ஒரு மணி நேரத்தில் 10 லட்சம் யூனிட். யூனிட் 4 ரூபாய் என்றால் 40 லட்சம். ஓராண்டுக் கண்காணிப்பு என்பது அரை மணி நேர மின்சாரம்கூட இல்லை. அதையும் நிறுவனத்திடம் புதிதாகக் கேட்க வேண்டியதில்லை. 2015ஆம் ஆண்டின் கனிமச் சட்டத் திருத்தத்தின்படி மாவட்டந்தோறும் கனிம அறக்கட்டளை இருக்கிறது. சுரங்கக்காரர்கள் உரிமத்தொகையோடு சேர்த்துச் செலுத்தும் அந்தப் பணத்தின் பெரும்பகுதி குடிநீர், சுற்றுச்சூழல் போன்றவற்றுக்கே போக வேண்டும் என்பது விதி.

எண்களை வெளியிட்டால் பீதி வரும், நிலத்தின் விலை விழும், அந்த ஊருக்குப் பெண் கொடுக்க யோசிப்பார்கள் என்பது இன்னொரு மறுப்பு. மற்றவற்றைவிட இதில் மனித வாசனை கூடுதல், ஒதுக்கித் தள்ள முடியாது. ஆனால் நெய்வேலியைச் சுற்றிப் பீதி ஏற்கனவே வந்துவிட்டது. அது எண்களை வெளியிட்டதால் வரவில்லை, எண்கள் ஒரே நாளில் தலைப்புச் செய்தியாக இடிபோல் விழுந்ததால் வந்தது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை பஞ்சாயத்து அலுவலகப் பலகையில் எழுதப்படும் எண்ணுக்கு அந்த அதிர்ச்சி கிடையாது. நல்ல நீர் உள்ள கிணற்றையும் அதே பலகை சொல்லுமே.

நெய்வேலி விவசாயிகளே சுரங்க நீரைக் கேட்டு வாங்கிப் பாய்ச்சுகிறார்களே என்பார்கள். ஆம். சுரங்கத்திலிருந்து இறைக்கும் நீர் வாலாஜா ஏரிக்கும் பெருமாள் ஏரிக்கும் போய்ப் பல ஆயிரம் ஏக்கருக்குப் பாய்கிறது. வறட்சிக் காலத்தில் வீராணம் குழாய் வழியாகச் சென்னைக்கும் போயிருக்கிறது. ஆழத்து அடுக்கின் நீர் பெரும்பாலும் நல்ல நீர். அதனால்தான் தரத்தை அளக்க வேண்டியது இரட்டிப்பு அவசியம்: அது ஒரு ஊரின் கிணற்றோடு நிற்காமல் வயலுக்கும் நகரத்துக்கும் போகும் நீர். 2023 ஜூலையில் வளையமாதேவியில் கதிர் வரும் பயிருக்குள் கால்வாய் வெட்டப் பொக்லைன் இறங்கியபோது எழுந்த கோபத்தில் நிலம் மட்டுமே பேசப்பட்டது, தண்ணீர் பேசப்படவில்லை. நிலத்துக்கு இழப்பீடு என்று ஒரு சொல்லாவது சட்டத்தில் இருக்கிறது. பக்கத்து நிலத்துக்காரரின் கிணறு கெட்டால் அதை நிரூபிக்கும் பொறுப்பு கிணற்றுக்காரர் மேல்தான் விழுகிறது.

கடைசி மறுப்பு, சூரிய மின்சாரம் வந்துவிட்டது, சுரங்கங்கள் எப்படியும் மூடப்படும், இப்போது எதற்கு இதெல்லாம் என்பது. நெய்வேலியின் முதல் அனல்மின் நிலையம் 2020இல் மூடப்பட்டது உண்மைதான். ஆனால் தண்ணீரைப் பொறுத்தவரை கதை மூடலோடு முடிவதில்லை. கிழக்கு ஜெர்மனியின் லுசாட்டியா பகுதியில் 1990க்குப் பின் சுரங்கங்கள் வரிசையாக மூடப்பட்டன. பம்புகள் நின்றன. நீர்மட்டம் பழைய இடத்துக்கு ஏறத் தொடங்கியது. ஏறும் வழியில் பல பத்தாண்டுக் காலம் காற்றுப் பட்டுக் கிடந்த மண்ணைக் கழுவிக்கொண்டு வந்தது. இரும்புச் சேறு கலந்து ஸ்ப்ரீ ஆறு பல இடங்களில் செம்பழுப்பாக ஓடியது. சல்பேட்டோ பெர்லினின் குடிநீருக்கே கவலையாகிவிட்டது. நெய்வேலியில் பம்புகள் நிற்கும் நாளில்தான் நீர்த்தரக் கண்காணிப்புக்கு உண்மையான வேலை தொடங்கும். அன்றைக்குச் சுரங்கத்துக்கு வருமானம் இருக்காது, பொறியாளர்கள் ஓய்வுபெற்றுப் போயிருப்பார்கள், கண்காணிப்புக் கிணறுகளின் மூடியைத் திறக்கவும் ஆள் இருக்காது. கண்காணிப்பைச் சுரங்கத்திடமிருந்து பிரித்து நிரந்தர அமைப்பிடம் இப்போதே தர வேண்டும் என்பதற்கு இதைவிட வலுவான காரணம் எனக்குத் தெரியவில்லை. மாவட்ட ஆட்சியர் தலைமையில், குடிநீர் வடிகால் வாரியம், அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் புவி அறிவியல் துறை, ஊராட்சிப் பிரதிநிதிகள், நிறுவனம் எல்லோரும் அமரும் ஒரு சபை. எந்தக் கிணறு, எந்த நாள் என்பதை அது முடிவு செய்யட்டும். ஒவ்வொரு மாதிரியையும் இரண்டாகப் பிரித்து ஒன்றை வேறோர் ஆய்வகத்துக்கு அனுப்பட்டும். இதற்குப் புரட்சி வேண்டாம், ஓர் அரசாணை போதும்.

வைகைக் கரையில்

சோழவந்தான் பகுதியில் நிலக்கரி கிடையாது. பேரணையிலிருந்து பிரியும் பெரியாற்றுக் கால்வாயும் வைகை மணலும் தரும் நீரில் நெல்லும் தென்னையும், 2023இல் புவிசார் குறியீடு பெற்ற வெற்றிலையும் விளைகிற பூமி. கொடிக்கால் விவசாயிக்கு நீரின் தரம் கண்ணால் தெரியும்; உவர்ப்பு கொஞ்சம் ஏறினாலும் கொடி காட்டிக்கொடுத்துவிடும். ஆனால் மதுரை வட்டாரத்துக்குச் சுரங்கம் தொலைதூரத்துச் செய்தி என்ற நினைப்பு 2024 நவம்பரோடு போய்விட்டது. மேலூர் வட்டத்தில் நாயக்கர்பட்டி டங்ஸ்டன் தொகுதி 2015.51 ஹெக்டேர் பரப்புக்கு ஏலம் போனது. தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமான அரிட்டாபட்டியும் அதற்குள் வந்தது. மக்கள் திரண்டார்கள், டிசம்பர் 9 அன்று சட்டமன்றம் தீர்மானம் போட்டது, 2025 ஜனவரி 23 அன்று ஒன்றிய அரசு ஏலத்தை ரத்து செய்தது. 2023 ஏப்ரலில் காவிரிப் படுகையில் வடசேரி, மைக்கேல்பட்டி, சேத்தியாத்தோப்பு கிழக்கு நிலக்கரித் தொகுதிகள் ஏலப் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டதும் இப்படித்தான்.

இரண்டுமே நல்ல வெற்றிகள். ஆனால் இரண்டிலும் மக்கள் கையில் இருந்தது எதிர்ப்பு மட்டும். கிணற்றுப் பதிவேடு இல்லை. கனிமம் பூமிக்குள் அப்படியே இருக்கிறது, நாளை வேறு பெயரில் ஏலம் வரலாம். டங்ஸ்டன் ஏலத்துக்கு முன்பே மேலூர்ப் பக்கம் கிரானைட் குவாரிகள் குன்றுகளைக் குடைந்ததை 2014இல் உயர் நீதிமன்றம் நியமித்த சகாயம் குழு ஆராய வேண்டியிருந்தது. மதுரைச் சமவெளியின் அடியில் இருப்பது நெய்வேலியைப்போல் மணற்கல் இல்லை, கெட்டியான பாறை. நீர் விரிசல்களில் நிற்கிறது; ஒரு கிணறு கெட்டு அதற்கு அடுத்தது நன்றாக இருக்கலாம், மாசு எந்த விரிசலில் போகும் என்று சொல்வது கடினம். ஆகவே இங்கே கண்காணிக்க இன்னும் நெருக்கமாகக் கிணறுகள் வேண்டும். மத்திய நிலத்தடி நீர் வாரியம் பல ஆண்டுகளாக நீர்மட்டத்தை ஆண்டுக்கு நான்கு முறையும் தரத்தை மே மாதத்தில் ஒருமுறையும் பார்த்துவந்திருக்கிறது; அது மாநிலம் முழுவதற்குமான பொதுப் படம், ஓர் ஊரின் சாட்சியாக அதைக் காட்ட முடியாது. ஊரின் பதிவை ஊர்தான் தொடங்க வேண்டும், அதுவும் சுரங்கம் வருவதற்கு முன்பே. வந்த பிறகு எடுக்கும் முதல் மாதிரிக்கு, அது ஏற்கனவே கெட்டிருந்தது என்ற பதில் தயாராக இருக்கும்.

சோழவந்தான் பேரூராட்சி என்பதால் அங்கே கிராம சபை இல்லை. முள்ளிப்பள்ளம், தென்கரை, மன்னாடிமங்கலம், மேலக்கால் ஊராட்சிகளுக்கு உண்டு. 2022 முதல் ஆண்டுக்கு ஆறு முறை கூடும் கிராம சபையில் ஒரு கூட்டம் மார்ச் 22, உலகத் தண்ணீர் நாளன்று. அந்தக் கூட்டத்தில் இந்த ஊரின் நீர்ச் சோதனை அறிக்கையை வாசிக்கச் சொல்லுங்கள். எந்தக் கிணறு, எவ்வளவு ஆழம், எந்தத் தேதி, சல்பேட் எவ்வளவு என்று கேளுங்கள். அடுத்த ஆண்டு அதே கிணற்றில் அதே மாதத்தில் எடுக்க வேண்டும் என்று தீர்மானம் எழுதுங்கள். அறிக்கை இல்லை என்றாலோ தர மறுத்தாலோ தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் 6ஆம் பிரிவில் விண்ணப்பிக்கலாம். கட்டணம் 10 ரூபாய். 30 நாளுக்குள் பதில் வர வேண்டும்.